ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931): தீர்ப்பைக் காட்டாமல் படத்தை முடித்தது ஏன்?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்):

முடிவு முழுவதையும் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கர்ட்டைப் பெர்லின் குற்றவாளிகளே பிடித்து, பாழடைந்த சாராய ஆலைக்கு இழுத்து வந்து விசாரிக்கிறார்கள். என்னால் என்னை அடக்க முடியவில்லை என்று அவன் கதறுகிறான். அவனுக்காக ஒருவர் வாதாடுகிறார். கூட்டம் அவனைக் கிழித்துப்போடப் பாய்கிறது. திடீரென்று எல்லோரும் கைகளைத் தூக்குகிறார்கள். சட்டத்தின் பெயரால் என்ற குரலோடு பெக்கர்ட்டின் தோளில் ஒரு கை விழுகிறது. அடுத்து நிஜ நீதிமன்றம். நீதிபதிகள் வந்து அமர்கிறார்கள், மக்களின் பெயரால் என்று தலைமை நீதிபதி தொடங்குகிறார், அதோடு வெட்டு. கறுப்பு உடையில் மூன்று பெண்கள். நடுவில், கொல்லப்பட்ட சிறுமி எல்ஸியின் அம்மா திருமதி பெக்மன். இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். திரை இருண்ட பிறகு அவள் குரல் பார்வையாளர்களை நோக்கி "நீங்கள்" என்கிறது. முடிந்தது.

தன்னைக் கட்டுப்படுத்த முடியாத ஒருவனைக் கொல்லலாமா என்ற கேள்வியை இவ்வளவு துணிச்சலாகக் கேட்ட படம் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நழுவிவிட்டு, காவல் நிலையச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி ஒரு புத்திமதியோடு முடிப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதில் கலை இருக்கிறதா, பயம் இருக்கிறதா? உங்கள் வாசிப்பு என்ன?


பழைய ரீல்:

முதலில் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். இந்தப் படத்தின் முடிவைப் பற்றி நடந்த சண்டைகளில் பாதிக்கு அதுதான் காரணம். 1931 மே 11 அன்று பெர்லினில் வெளியானபோது படம் கிட்டத்தட்ட 117 நிமிடம். இன்று நமக்குக் கிடைக்கும் மீட்டெடுத்த வடிவம் சுமார் 110 நிமிடம். நடுவில் பல பத்தாண்டுகள் இதைவிடக் குறைந்த நீளத்தில், கடைசிக் காட்சிகள் வெட்டுப்பட்ட பிரதிகள்தான் சுற்றின. அந்தப் பிரதிகளை வைத்து எழுதப்பட்ட விமர்சனங்களையும், நீங்கள் நேற்றுப் பார்த்த வடிவத்தையும் ஒரே படமாக நினைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. வெளிநாட்டுக்காக ஆங்கில, பிரெஞ்சு வடிவங்களும் தயாராயின. அவற்றுக்காக, பெக்கர்ட்டாக நடித்த பீட்டர் லாரே அந்தக் கதறலை அந்தந்த மொழியிலேயே திரும்ப நடித்தார்.

நீங்கள் விவரித்தது முழு வடிவம்தான். நீதிபதிகள் வரும் அந்தச் சில நொடிகளை எடுத்துவிட்டால் படம் வேறாகிவிடும். சட்டம் என்பது தோளில் விழும் ஒரு கையோடு நின்றுவிடும். லாங் அங்கே நிற்கவில்லை. நீதிமன்றம் வரைக்கும் அழைத்துப்போய், வாயைத் திறந்த நீதிபதியை வெட்டுகிறார். பயந்தவர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.


கறுப்புக்கோட்டு:

நான் தொழில்முறையில் வழக்கறிஞன். அந்த சாராய ஆலைக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஒரு விசாரணைக்கு வேண்டியது ஏறத்தாழ எல்லாம் அங்கே இருக்கிறது. சாட்சி இருக்கிறார், பலூன் விற்கும் பார்வையற்றவர். கொல்லப்பட்ட சிறுமிகளின் படங்களைக் காட்டுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவனைப் பேச விடுகிறார்கள். எதிர்வாதத்துக்கு ஆள் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, வழக்கில் சம்பந்தமில்லாத நீதிபதி. தலைமை தாங்கும் ஷ்ரெங்கர்தான் குற்றமும் சாட்டுகிறான், முடிவும் சொல்கிறான். அவனே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுபவன் என்பதை எதிர்வாதம் செய்பவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறார்.

அங்கே 51ஆம் பிரிவு என்று ஒன்று வருகிறது. அப்போதைய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில், மனநிலை பிறழ்ந்தவரின் செயலுக்குப் பொறுப்பில்லை என்று சொன்ன பிரிவு அது. ஷ்ரெங்கரின் வாதம் என்ன? இந்தப் பிரிவைக் காட்டி நீ அரசுச் செலவில் காலம் தள்ளுவாய், அப்புறம் தப்பிப்பாய் அல்லது மன்னிக்கப்படுவாய், மறுபடி பிள்ளைகளைத் தேடிப் போவாய், அதனால் உன்னை ஒழித்துக்கட்ட வேண்டும். எதிர்வாதம் செய்பவரோ, நோயாளியை மருத்துவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், தன் செயலுக்குப் பொறுப்பேற்க முடியாதவனைக் கொல்ல யாருக்கும், அரசுக்கும்கூட, உரிமை இல்லை என்கிறார். 1931இல் இதைத் திரையில் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. தண்டனைச் சட்டத் திருத்தத்தை ஒட்டி, மரண தண்டனை வேண்டுமா என்று 1920களின் பிற்பகுதி முழுக்க அங்கே விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். டுசல்டார்ஃப் கொலைகாரன் பீட்டர் குர்ட்டன் 1930 மே மாதம் பிடிபட்டான். 1931 ஏப்ரல் 22 அன்று அவனுக்கு மரண தண்டனை. அவனை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள் அவன் சட்டப்படி பொறுப்பாளி என்றார்கள். ஜூலை 2 அன்று கொலோனில் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டது. படம் வெளியானது தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவில். படம் குர்ட்டனின் கதை என்பதை லாங் மறுத்தார், அது வேறு விஷயம். ஆனால் அந்த மே மாதம் அரங்கில் உட்கார்ந்திருந்தவனுக்கு, இப்படிப்பட்டவனை என்ன செய்வது என்பது அன்றைய செய்தித்தாள் விஷயம். மக்களின் பெயரால் என்ற தொடர் ஜெர்மன் தீர்ப்புகளின் வழக்கமான தொடக்கம். அதை மட்டும் சொல்லிவிட்டு மீதியை நிறுத்தினால், தீர்ப்பை அந்த மக்களின் மடியிலேயே வைத்துவிட்டார் என்று பொருள். வைகைக்கரையான் சொல்கிற நழுவல் எனக்கு அங்கே தெரியவில்லை.


பனங்கிழங்கு:

புதியவன், முதல் முறை எழுதுகிறேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. அந்தக் கூட்டம் பாய்ந்தபோது அவர்கள் அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். போலீஸ் வந்ததும் ஏமாற்றமாக இருந்தது. படம் குற்றவாளிகள் பக்கம்தானே நிற்கிறது? அவர்கள்தானே அவனைப் பிடித்தார்கள்?


நெல்லைச்சீமைக்காரி:

தம்பி பனங்கிழங்கு, அப்படி உங்களை நினைக்க வைக்கத்தான் லாங் ஒன்றரை மணி நேரம் பாடுபட்டிருக்கிறார். போலீஸ் கூட்டத்தையும் திருடர் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவாரே, ஒருவர் இங்கே கையை நீட்டத் தொடங்கினால் அங்கே மற்றவர் அதை முடிப்பார். அந்த வேகத்தில் நாமும் வேட்டையில் சேர்ந்துவிடுகிறோம். அவர்கள்தான் பிடித்தார்கள் என்பதும் பாதி உண்மைதான். போலீஸ் அதிகாரி லோமனின் ஆட்கள் ஜன்னல் விளிம்பில் சிவப்புப் பென்சில் தடத்தையும் அரிஸ்டன் சிகரெட் துண்டையும் வைத்து அவன் அறையைக் கண்டுபிடித்து, உள்ளே காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அவனை அடைந்துவிட்டன.

எல்லோரும் இந்த வேட்டையில் ஏன் இறங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போலீசுக்கு மேலிடத்து நெருக்கடி. திருடர்களுக்கு, தினம் தினம் சோதனை நடப்பதால் தொழில் படுத்துவிட்டது. எல்ஸிக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. பிச்சைக்காரர்களை முற்றம் முற்றமாகப் பிரித்து நிறுத்தி ஒவ்வொரு பிள்ளையையும் கண்காணிக்க வைத்தார்களே, அது எவ்வளவு நன்றாக வேலை செய்தது! ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றவா அந்த ஏற்பாடு? ஆளைப் பிடிக்க. பிடித்ததும் அந்தக் கண்காணிப்பு முடிந்துவிடும். தெருமூலையில் நின்ற பிச்சைக்காரர் அடுத்த நாள் அங்கே நிற்கப்போவதில்லை.

இதை வைத்துத்தான் நான் கடைசிக் காட்சியைப் படிக்கிறேன். ஆலை விசாரணையில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து கத்துவாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்ன பாடுபட்டாள் என்று உனக்கு எப்படித் தெரியும், தாய்மார்களைக் கேள், அவர்கள் இவனுக்கு இரக்கம் காட்டுவார்களா என்று எதிர்வாதம் செய்பவரைப் பார்த்துக் கேட்பாள். அந்த இடத்தில் கூட்டத்துக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை. அதற்குப் பின் இவனைக் கொல்வது தாய்மார்களுக்காகச் செய்கிற காரியமாகிவிடுகிறது.

லாங் என்ன செய்தார்? அந்தப் பெண் சொன்னபடியே தாய்மார்களைக் கேட்டார். படத்தின் கடைசிக் காட்சி அதுதான். கேட்டால், கொல் என்று அவள் சொல்லவில்லை. விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. நீங்கள் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் எங்கள் பிள்ளைகள் வரப்போவதில்லை என்கிறாள். ஷ்ரெங்கர் யார் பெயரைச் சொல்லிக் கொல்லக் கிளம்பினானோ, அவள் அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வைகைக்கரையான் சார், அந்தக் காட்சியைப் புத்திமதி என்கிறீர்கள். எனக்கு அது படம் முழுவதற்கும் வந்த பதிலாகத் தெரிகிறது.


வைகைக்கரையான்:

அக்கா, தாய்மார்களைக் கேள் என்ற கோணம் வலுவானது, அதை மறுக்கமாட்டேன். அவள் பேச்சின் முதல் பாதிக்கு அது அப்படியே பொருந்துகிறது. என் சிக்கல் இரண்டாம் பாதியோடு. பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், எல்ஸியின் அம்மா பார்த்துக்கொள்ளவில்லையா? படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். துணி துவைத்துப் பிழைக்கிறவள். மணி அடித்ததும் முகம் மலர்ந்து, மேஜையில் தட்டு வைத்து, சூப் தயார் செய்து காத்திருக்கிறாள். படிக்கட்டில் யார் காலடி கேட்டாலும் எட்டிப் பார்க்கிறாள். பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க அவளுக்கு நேரம் ஏது? அப்படிப்பட்டவளின் வாயாலேயே தாய்மார்களுக்கு எச்சரிக்கை சொல்லவைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. அதுவும் லாங்கே பின்னாளில், தாய்மார்களை எச்சரிப்பதற்காக எடுத்தேன் என்று பேசியிருக்கிறார்.


ஒலிக்காதலன்:

சத்தத்தை விட்டுவிட்டு இந்த முடிவைப் பேச முடியாது என்பதால் உள்ளே வருகிறேன்.

லாங்குக்கு இது முதல் பேசும் படம். பின்னணி இசை கிடையாது. நார்வே இசையமைப்பாளர் க்ரீக்கின் 'பியர் கிந்த்' இசையிலிருந்து பெக்கர்ட் விசிலடிக்கும் அந்த ஒரு மெட்டுதான். லாரேவுக்கு விசிலடிக்க வராததால் லாங்கே அடித்தார் என்பார்கள். அந்த மெட்டை வைத்துத்தான் பார்வையற்ற பலூன்காரர் அவனை அடையாளம் காண்கிறார்.

படம் தொடங்கும்போது திரையில் உருவம் வருவதற்கு முன்பே ஒரு சிறுமியின் குரல் கேட்கிறது. கொஞ்சம் பொறு, கரிய மனிதன் வருவான் என்ற மாதிரியான விளையாட்டுப் பாட்டு. முடியும்போது உருவம் போன பிறகும் ஒரு தாயின் குரல் கேட்கிறது. நடுவில் எல்ஸி, எல்ஸி என்று அவள் கூப்பிடும்போது காட்டப்படுவது என்ன? காலியான படிக்கட்டு, துணி காயும் மாடி அறை, யாரும் தொடாத தட்டு. அப்புறம் புதருக்குள்ளிருந்து உருண்டு வரும் பந்து, மின்கம்பியில் சிக்கிய பலூன். அவள் கூப்பிட்டதற்கு அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அதே குரல் இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து நீங்கள் என்கிறது. அது அம்மாக்களுக்கு மட்டும் சொன்னது என்றால் திரையை இருட்டாக்கியிருக்க வேண்டாம். அரங்கில் இருந்த ஆண், பெண், பிள்ளை இல்லாதவர் எல்லோர் காதிலும் அது ஒரே மாதிரி விழுந்தது. வைகைக்கரையானின் கேள்விக்கு என் பதில் அதுதான்.

இன்னும் ஒன்று. பெக்கர்ட்டின் கதறலைக் கவனமாகக் கேளுங்கள். தெருக்களில் ஓடும்போது தன்னைத் தானே துரத்துவதாகச் சொல்கிறான். கூடவே தாய்மார்களின், குழந்தைகளின் ஆவிகள் ஓடிவருகின்றன, விடுவதே இல்லை என்கிறான். அக்கா சொன்ன தாய்மார்கள் கொலைகாரனின் வாயிலும் வருகிறார்கள். கூட்டம் அவர்களை ஆயுதமாக்குகிறது, அவன் அவர்களைப் பேயாக்குகிறான். நிஜமான தாய் கடைசியில்தான் வந்து உட்காருகிறாள்.


கறுப்புக்கோட்டு:

ஒலிக்காதலன் சொன்னதோடு ஒரு காட்சி விஷயத்தையும் சேர்க்கிறேன். பெக்கர்ட்டின் தோளைக் கவனியுங்கள். பலூன்காரர் சொல்லித் தொடரும் இளைஞன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் எம் என்று (கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து) எழுதி, ஆரஞ்சுத் தோலில் வழுக்கியவன் போல நடித்து அவன் தோளில் தட்டி முத்திரை போடுகிறான். ஆலையில் பலூன்காரரின் கை அவன் தோளில் விழுகிறது, தவறு இல்லை, இவன்தான் என்கிறார். மூன்றாவதாகச் சட்டத்தின் கை அதே போல விழுகிறது. அந்தக் கைக்குரிய ஆளை லாங் காட்டவே இல்லை. உள்ளே நுழைந்த போலீசாரையும் காட்டவில்லை. கூட்டம் கையைத் தூக்குவதை வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். முதல் இரண்டு கைகளும் அவனைக் காட்டிக்கொடுத்தன. மூன்றாவது கை அவனைக் கூட்டத்திடமிருந்து மீட்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் விழுவதால், சட்டம் அவனுக்கு என்ன தரும் என்ற சந்தேகமும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

பனங்கிழங்கு, பெக்கர்ட் பேசும்போது கூட்டத்தில் சிலர் தலையசைப்பதைப் பார்த்தீர்களா? திருடர்கள், வேறு பழக்கங்களுக்கு அடிமையானவர்கள். செய்யக்கூடாது என்று தெரிந்தும் செய்யத் தள்ளும் உந்துதலை அவர்களும் அறிந்தவர்கள். அந்த முகங்கள் ஒரு கணம் அவனோடு இருக்கின்றன, அடுத்த கணம் பாய்கின்றன. உங்களுக்குள் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.


பழைய ரீல்:

இந்தப் படம் எந்தப் பக்கம் என்ற குழப்பம் 1931இலேயே இருந்தது. நாஜித் தலைவர் கோயபல்ஸ் அந்த மே மாதமே படத்தைப் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் புகழ்ந்து எழுதினார். மனிதாபிமானப் பேச்சுக்கு எதிரான படம், மரண தண்டனைக்கு ஆதரவான படம் என்பது அவர் வாசிப்பு. லாங் ஒருநாள் நம் இயக்குநர் ஆவார் என்றும் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் லாங் நாட்டை விட்டுப் போய்விட்டார், யூதரான லாரேவும் போனார். 1934இல் படம் தடை செய்யப்பட்டது. திரைக்கதையில் பங்கேற்ற லாங்கின் மனைவி தேயா ஃபான் ஹார்போ அங்கேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஷ்ரெங்கராக நடித்த குஸ்தாஃப் க்ருண்ட்கென்ஸ் அந்த ஆட்சியில் பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைவரானார். இதையெல்லாம் விடக் கொடுமை, 1940இல் வந்த யூத வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் லாரேவின் கதறலையே வெட்டி எடுத்து, யூதர்கள் கொலைகாரர்கள் மீது இரக்கம் உண்டாக்குகிறார்கள் என்பதற்கு ஆதாரமாக ஒட்டினார்கள்.

ஆக ஒரே காட்சியை, 1931இல் கொல்லச் சொல்கிற காட்சி என்றார்கள், 1940இல் இரக்கம் கேட்கிற காட்சி என்றார்கள், இரண்டும் அதே கும்பல். இது நடந்ததற்குக் காரணம், அவர்கள் கதறலையும் கூட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திருமதி பெக்மனை அவர்களால் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. கடைசிக் காட்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்வேன்.


பனங்கிழங்கு:

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பப் பார்த்தேன். தலையசைப்பவர்களைக் கண்டேன். ஒரு விஷயம் கேட்கலாமா? நிஜ நீதிமன்றக் காட்சியில் பெக்கர்ட்டே இல்லை. நீதிபதிகள் இருக்கிறார்கள், தாய்மார்கள் இருக்கிறார்கள், அவன் முகம் வரவே இல்லை. வேண்டுமென்றே செய்ததா?


நெல்லைச்சீமைக்காரி:

நல்ல கண் தம்பி உங்களுக்கு. வேண்டுமென்றேதான் இருக்க வேண்டும். தீர்ப்பு வாசிக்கும் காட்சியில் எந்த இயக்குநரும் குற்றவாளியின் முகத்தைத்தான் தேடுவார், அதுவும் லாரே மாதிரி ஒரு முகம் கையில் இருக்கும்போது. அந்த முகத்தைக் காட்டியிருந்தால் நாம் மறுபடியும் அவனையே பார்த்துக்கொண்டிருப்போம், அவனுக்கு என்ன ஆகும் என்று. படம் முழுக்க நாம் செய்தது அதுதானே. எல்ஸியின் அம்மாவைத் தொடக்கத்துக்குப் பிறகு எத்தனை பேர் நினைத்தோம்? நானும் வேட்டை சூடுபிடித்ததும் அவளை நினைக்கவில்லை.

வைகைக்கரையான் சாருக்கு: உழைக்கிற அம்மா மேல் பழி போடுகிறார் என்றால் நான் முதல் ஆளாகக் கோபப்படுவேன். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களை நமக்குத் தெரியவே தெரியாது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்களாக இருக்கலாம். பத்திரிகையில் எண்ணிக்கையாக வந்த பிள்ளைகளுக்கும் அம்மா உண்டு என்று அப்போதுதான் படம் சொல்கிறது. அவள் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாள் என்பது உண்மைதான். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய் தன்னைக் குறை சொல்லாமல் இருந்திருக்கிறாள்? அது லாங் எழுதிவைத்த பாடமாக எனக்குக் கேட்கவில்லை. அவள் துக்கமாகத்தான் கேட்கிறது.


வைகைக்கரையான்:

அக்கா, துக்கம் என்ற வாசிப்பு நடிப்புக்குப் பொருந்துகிறது. எல்லன் விட்மன் அந்த வரியைச் சொல்லும் விதத்தில் உபதேசம் எதுவும் இல்லை, குரல் தளர்ந்து போயிருக்கிறது. ஆனாலும் எழுத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது, அதை எழுதியவர்கள் அதை எச்சரிக்கையாகவும் நினைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு என் ஆட்சேபம் நிற்கிறது. தீர்ப்பை வெட்டியது பற்றி மட்டும் கறுப்புக்கோட்டு சார் பக்கம் நகர்ந்திருக்கிறேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க ஒன்று இருக்கிறது. அமெரிக்கா போன பிறகு லாங் எடுத்த முதல் படம் 1936இன் 'ஃபியூரி'. அதுவும் கும்பல் வெறியும் நீதிமன்றமும்தான். அங்கே குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தீர்ப்பை வாசிக்கிறார்கள், எல்லாம் திரையிலேயே நடக்கிறது, பிறகு நாயகனும் நாயகியும் முத்தமிட்டு முடிகிறது. அந்த முத்தம் தனக்குப் பிடிக்கவில்லை என்று லாங் சொல்லியிருக்கிறார். தீர்ப்பைக் காட்டியும் பார்த்தார், காட்டாமலும் பார்த்தார். எது கூடுதலாக நிற்கிறது என்று பேச அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், தனி இழை தொடங்குகிறேன்.


கறுப்புக்கோட்டு:

தொடங்குங்கள் சார். 'ஃபியூரி'யில் நீதிமன்றத்துக்குள்ளேயே செய்திப்படச் சுருளை ஓட்டிக் காட்டி, கும்பலில் இருந்தவர்களை அடையாளம் காட்டும் காட்சி ஒன்று உண்டு. அதைச் சாட்சியமாக ஏற்கலாமா என்று எனக்கு எழுத நிறைய இருக்கிறது.